இடது கை வேதபட்டர்

பேசாப் படக் காலத்தில் உங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது எது என்று சினிமாத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். வசனம் இல்லாததுதான் என்று நான் பெருமூச்சு விடுவேன் என எதிர்பார்த்து, பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். வசனம் இல்லாதது எனக்கு ஒரு தொல்லையே இல்லை. நடிகர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போன்ற சுகம் ஒரு டைரக்டருக்கு வேறு எதில் கிடைக்கும்? என்னை ஆட்டிவைத்தது இடது கை. இப்படிச் சொன்னதும் பென்சில்கள் நின்றுவிடுகின்றன. ஆளுக்கு ஒரு தரம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிறது. சொல்லச் சொல்லக் கதை பெருத்துக்கொண்டே வேறு போகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முதலில் மேலட்டைக்காரன், மாதப் பத்திரிகைக்கு அட்டைப்படம் வரைகிறவன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் சைவ மாசிகை ஒன்று நடந்துவந்தது. அங்கே மூன்று வருஷம் கல் தேய்த்தேன், இரண்டு வருஷம் பிறர் வரைந்ததற்கு ஓரம் கட்டினேன், ஆறாம் வருஷம் மேலட்டை என் கைக்கு வந்தது. படித்தது, பழகியது எல்லாம் அவ்வளவுதான்.

கல் என்றால் சும்மா கல் இல்லை. ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரும். லேசான மஞ்சள், நாலு விரல் கனம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து, நடுவே மணலும் தண்ணீரும் விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் போன மாதத்துப் படம் அழிந்து புது முகம் வரும். அதன் மேல் கொழுப்பு கலந்த மையால் வரைய வேண்டும். பிறகு கோந்தும் துளி அமிலமும் தடவி, தண்ணீரால் நனைத்து, மை உருளையை ஓட்டினால் வரைந்த கோடு மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் மேலட்டை. இதில் ஒரே ஒரு சங்கடம், கல்லில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் வந்துவிடும். முருகனுக்கு வேல் வலது கையில் வேண்டுமானால் கல்லில் அதை இடது கையில் கொடுக்க வேண்டும். தெய்வமானாலும் அடியார் ஆனாலும் எங்கள் கல்லில் எல்லாரும் இடது கைக்காரர்கள்தான்.

மாசிகையை நடத்திவந்தவரை எல்லாரும் ஆசிரியர் ஐயா என்போம். ஒல்லியான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, குரல் பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும். அவர் ஒருவரையும் வைது நான் பார்த்ததில்லை. கல்லில் வரைந்து முடித்ததும் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தோள் துண்டில் சுற்றிய ஒரு கைக்கண்ணாடியோடு வருவார். கண்ணாடியைக் கல்லுக்கு நேரே பிடித்து, கல்லைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்ப்பார். தாளில் எப்படி வரும் என்பது அதில் தெரிந்துவிடும். சரியாக இருந்தால் கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு வார்த்தை இல்லாமல் போய்விடுவார். அதுதான் பாராட்டு. சரியில்லை என்றாலும் தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. படத்தில் இருப்பவரைப் பற்றி ஏதோ ஊர்ச் செய்தி சொல்வதுபோல ஒன்று சொல்வார்.

மேலட்டை என் கைக்கு வந்த முதல் மார்கழியில் திருவாதிரைக்காக நடராசரை வரைந்தேன். பதினைந்து நாள் வேலை. சடையில் ஒவ்வொரு பாம்பாக, ஒவ்வொரு பூவாக வரைந்தேன். ஆசிரியர் ஐயா வந்து கண்ணாடியைப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குத்தாலம்," என்று என் பெயரைச் சொல்லி அழைத்தார், "நடராசர் மதுரைக்குப் போயிட்டாரு போலிருக்கே."

தில்லையிலும் நம் ஊர்த் தாமிரசபையிலும் நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுவார். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாற்றி வலது காலைத் தூக்கியிருப்பார். பக்தி மயக்கத்தில் நான் கல்லில் நேராக வரைந்துவிட்டேன். திருநெல்வேலி மாசிகையில் மதுரை நடராசர் வந்திருப்பார். மறுபேச்சில்லாமல் மணலும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நாளையும் தேய்த்தேன். அன்று பட்ட சூடு என் எலும்பில் இறங்கிவிட்டது. அதன் பிறகு எதை வரைந்தாலும் முதலில் மனசுக்குள் வலத்தை இடமாக்காமல் என் கை ஓடாது. பத்து வருஷம் அப்படி ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு டெண்ட் சினிமா வந்தது. வெள்ளைக்காரர்கள் குதிரையில் ஓடினார்கள், ரயிலிலிருந்து குதித்தார்கள். அம்பாசமுத்திரத்துப் பண்ணையார் ஒருவர் அதை ஒன்பது நாள் தொடர்ந்து பார்த்தார். பத்தாம் நாள் காலை அச்சுக்கூடத்துக்கு வந்துவிட்டார். நெஞ்சு நிறைய ருத்திராட்சம் போட்ட பெரிய ஆகிருதி.

"வெள்ளக்காரன் குதிரைய ஓட்டி ஓட்டிக் காட்டுதான். நம்ம நெல்லையப்பரக் காட்டுனா என்ன?" என்றார் ஆசிரியர் ஐயாவிடம். "ஒம்ம மேலட்டையில ஆளு நிக்கதப் பாத்தா, இப்ப நடந்து வெளிய வந்துருவான்போல இருக்கு. நடக்க விட்டுப் பாப்பமே. இவர எனக்குத் தாரும்."

"அவரு என்ன குத்துவிளக்கா, எடுத்துத் தாரதுக்கு? அவருகிட்டயே கேளும்," என்றார் ஐயா.

பண்ணையார் என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். வயது முப்பதுகூட ஆகவில்லை, எனக்குத் தெரியாதது உலகத்தில் உண்டு என்று தெரியாத வயது. புறப்படும்போது ஆசிரியர் ஐயா துண்டைப் பிரித்துக் கைக்கண்ணாடியை நீட்டினார். "எதுக்கும் இருக்கட்டும், கொண்டு போம்," என்றார். அங்கே கல் ஏது ஐயா என்று சிரித்து மறுத்துவிட்டேன்.

பண்ணையார் எடுக்க விரும்பியது எங்கள் ஊர்ப் பெயர் வந்த கதை. வேதபட்டர் என்ற ஏழை அடியார் வீடு வீடாக நெல் வாங்கி, அதைக் குத்திச் சாமிக்கு அமுது படைத்துவந்தார். ஒரு நாள் நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். பெருமழை பிடித்துக்கொண்டது. நெல் போயிற்றே என்று பதறி ஓடிவந்தால், சுற்றிலும் வெள்ளம், நெல்லின் மேல் மட்டும் ஒரு சொட்டு இல்லை. சாமி நெல்லுக்கு வேலி கட்டியிருந்தார். திருநெல்வேலிக்காரன் ஒவ்வொருவனுக்கும் இது தாய்ப்பாலோடு வந்த கதை.

அங்கேதான் வில்லங்கமும். சாமியின் கதையை இயந்திரத்தில் சுற்றிக் காட்டுவதா என்று ஊரில் சில பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் வாயாக இருந்தவர் ஒரு சாஸ்திரிகள். "ஆனித் தேரோட்டத்துக்கு ஊரே கூடி நிக்கறச்சே காட்டப் போறேள். ஆசாரத்துல ஒரு பிசகு இருந்தா என்ன பண்றது?" என்று கேட்டார். பண்ணையார் நெல்லையப்பர் சந்நிதியில் வைத்து வாக்குக் கொடுத்தார். ஆசாரத்தில் ஒரு குறை தெரிந்தால் அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தி, டெண்டைப் பிரித்துவிடுவதாகவும், அதற்குப் பிறகு சாமி சங்கதிகளில் கை வைப்பதில்லை என்றும் சொன்னார். அவர் வாக்குத் தவறி ஒருவரும் பார்த்ததில்லை. ஆகவே என் படம் ஊர் முன்னால் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. ஆசாரத்தைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு.

காமிராவோடு பம்பாயிலிருந்து கேசவராவ் என்பவர் வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தமிழைத் தவிர ஒரு சொல் தெரியாது. இருவரும் கையால் பேசிக்கொண்டோம், நன்றாகவே போயிற்று. முதல் நாள் அவர் என்னைக் காமிராவின் பின்னால் கூப்பிட்டு, தலையைக் கறுப்புத் துணிக்குள் விடச் சொன்னார். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டில் பண்ணையாரின் களம் தெரிந்தது. ஆனால் தலைகீழாகத் தெரிந்தது. வலப்பக்கம் நின்ற வைக்கோல் போர் இடப்பக்கம் இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இது நம்ம கல் அல்லவா என்று நினைத்தேன். ராவிடம் கையைக் கவிழ்த்துக் காட்டி, தலைகீழ் நேராகிவிடுமா என்று சைகையால் கேட்டேன். ஆகும், ஆகும் என்று தலையை ஆட்டினார். வலமும் இடமும் என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை. தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா? தலைகீழை அவர் பார்த்துக்கொள்வார், வலம் இடம் நம் பொறுப்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

வேதபட்டராக நடித்தவர் ராஜபார்ட் சுடலைமுத்து அண்ணாச்சி. முப்பது வருஷம் நாடக மேடையில் பாடி நடித்தவர். அவரிடம் போய், பூணூலை வலது தோளில் போட்டு இடப்பக்கம் இறக்குங்கள் என்றேன்.

"என்னவே இது? பூணூலு எடது தோள்ல கெடந்துல்லா வலது பக்கம் எறங்கும்? அது எனக்கே தெரியும்."

"அண்ணாச்சி, இது கல்லு மாதிரி. இங்கன மாத்தி வச்சாத்தான் அங்கன சரியா வரும். வேணும்னா இதுக்குள்ள பாருங்க."

அவர் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஆளு தலைகீழால்லா தெரியுதான். அப்ப நான் தலையால நிக்கணுமா?"

அதை ராவ் பார்த்துக்கொள்வார் என்று தேற்றினேன். பட்டரின் மனைவியாக வேடம் கட்டியவர் இன்னும் மோசம். இடது கையால் சோறு பரிமாற மாட்டேன் என்று அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எந்தப் பொம்பள புருசனுக்கு எடது கையால சோறு போடுவா? பாக்கவ என்னைக் காறித் துப்பமாட்டாளா?" என்றார். திரையில் வலது கையாக வரும், உன்னைப் போல மனைவி உண்டா என்று ஊரே மெச்சும் என்று சத்தியம் செய்தேன். மூன்று நாள் அவர்கள் எல்லாருக்கும் இடது கையால் விபூதி இட, இடது கையால் பூப் போட, கோவிலை இடமாகச் சுற்றப் பயிற்சி கொடுத்தேன். பண்ணையார் ஒரு நாள் வந்து பார்த்து, நெளிந்தார். "குத்தாலம், கண்ணுக்கு ஒருமாதிரி இருக்கே," என்றார். பொறுத்திருந்து பாருங்கள் என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்ன தோரணையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்னை ஓர் அறை விடலாம்போல இருக்கிறது.

மழைக் காட்சிக்கு நாலு நாள் ஆயிற்று. அந்தக் காலத்துக் காமிராவுக்கு நல்ல வெயில் வேண்டும். ஆகவே சித்திரை வெயிலில் மழை பெய்ய வேண்டும், நெல்லில் மட்டும் பெய்யக் கூடாது. களத்தைச் சுற்றி மூங்கில் பரண் கட்டி, எட்டுப் பேரைப் பூவாளியோடு ஏற்றினேன். முதல் நாள் காற்று திரும்பி நெல் நனைந்துபோயிற்று. "சாமி காப்பாத்துத நெல்ல நீரு நனைச்சுப்போட்டேரே," என்றார் அண்ணாச்சி. இரண்டாம் நாள் பரணிலிருந்த ஒருவர் தண்ணீர் ஊற்றுவதை விட்டுக் காமிராவைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்றாம் நாள் மேகம் வந்து வெயிலை மறைத்தது, மழைக் காட்சி எடுக்க முடியாமல் மழையைத் திட்டினோம். நாலாம் நாள்தான் அமைந்தது. நெல்லைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் தெறிக்க, அண்ணாச்சி ஓடிவந்து மண்டியிட்டு, உலர்ந்த நெல்லை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூங்கில் மேலிருந்த எட்டுப் பேரும் அழுதுவிட்டார்கள். அண்ணாச்சி அள்ளியதும் இடது கையால்தான்.

பட்டர் குளிக்கும் காட்சியைத் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையில் எடுத்தோம். ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோவிலும் கல் மண்டபமும் பின்னால் தெரிய, அவர் படி இறங்கி முழுகினார். ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்த காலம் என்பதால் பிலிம் வருவது நின்றிருந்தது. கையில் இருந்த கடைசிச் சுருள் அதோடு தீர்ந்தது. கதையை விளக்கும் வாசகங்களை எங்கள் அச்சுக்கூடத்திலேயே அச்சடித்துத் தாளாகக் கொடுத்தேன். ராவ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினார். அங்கே கழுவி, வாசகங்களையும் படம் பிடித்துச் சேர்த்து, தேரோட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது திரும்பி வந்தார்.

பண்ணையாரின் நெல் கிட்டங்கியில் கதவுகளை அடைத்து, சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, பட்டப்பகலில் போட்டுப் பார்த்தோம். பண்ணையார், அண்ணாச்சி, ஆசிரியர் ஐயா, நான், இன்னும் வீட்டு ஆட்கள் நாலைந்து பேர். வெள்ளைத் துணியில் வேதபட்டர் நடந்து வந்தார். அண்ணாச்சி தன்னைத் தானே பார்த்து, "ஏ யப்பா," என்றார். நான் பெருமையில் ஊதிப்போய் உட்கார்ந்திருந்தேன். பட்டர் சாமி முன்னால் உட்கார்ந்து பூப் போட ஆரம்பித்தார். அப்போது பின்னால் நின்றிருந்த பண்ணையார் வீட்டுச் சமையல்காரர் கிட்டு ஐயர் பவ்வியமாகக் கேட்டார்.

"இவர் யாருக்குத் தெவசம் பண்றார்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் விளக்கினார். "இல்லே, பூணூல் இடம் மாறிக் கிடக்கே. பித்ருக்களுக்குப் பண்றச்சேதான் இப்படிப் போட்டுக்கறது. அதான் கேட்டேன்."

துணியில் பூணூல் வலது தோளில் இருந்தது. நான் வைத்த இடத்திலேயே இருந்தது. பட்டர் இடது கையால் திருநீறு இட்டார், இடது கையால் சாப்பிட்டார், மனைவி இடது கையால் பரிமாறினாள். கல் மாதிரி ஒன்றும் மாறவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கிற்று. கதவைத் திறந்தார்கள். பண்ணையார் எழுந்திருக்கவே இல்லை.

"சந்நிதியில நின்னு சொல்லிருக்கேன், குத்தாலம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். வைதிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆசிரியர் ஐயாவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ராவிடம் கேட்டார். ராவ் கைகளைப் பிசைந்துகொண்டு ஏதோ சொன்னார். ஐயா எங்களுக்குச் சொன்னார்: "இந்த ஊர்ல எல்லாருக்கும் எடது கைப் பழக்கம்னு நெனச்சாராம். விருந்தாளியா வந்துட்டு அத எப்படிக் கேக்கதுன்னு விட்டுட்டாராம்."

அண்ணாச்சிகூடச் சிரிக்கவில்லை. மறுபடி எடுக்கப் பிலிம் இல்லை. நாள் இல்லை. நான் இயந்திரத்தின் பக்கம் போய்ச் சுருளின் ஒரு முனையை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எத்தனை கட்டத்தில் அந்தப் பூணூல் இருக்கிறது என்று எண்ணுவதுபோல ஒரு பைத்தியக்காரப் பார்வை. நகத்தளவு பட்டர்கள் வரிசையாக நின்றார்கள். கல்லில் ஏற்றுமுன் மெல்லிய தாளில் வரைந்து, பின்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கை அந்தப் பழக்கத்தில் சுருளைத் திருப்பிவிட்டது.

பூணூல் இடது தோளில் இருந்தது.

மறுபடி திருப்பினேன், வலது தோள். திருப்பினேன், இடது தோள். ஆசிரியர் ஐயா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தி, தாமே குனிந்து பார்த்தார்.

"பட்டரு தெவசத்த முடிச்சிட்டாரு," என்றார்.

பிலிம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவதுதானே, இயந்திரத்தில் அதைப் பக்கம் மாற்றிக் கோத்தால் வலம் இடமாகிவிடும். ராவுக்குச் சொன்னதும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். ஆனால் அச்சடித்த வாசகங்கள் நேராக இருந்தவை, திருப்பினால் அவை வலம் இடம் மாறிப் படிக்க முடியாமல் போகும். கோபுரத்தை மட்டும் எடுத்த காட்சிகளும் அப்படித்தான். ஆளில்லாத அந்தத் துண்டுகளையெல்லாம் வெட்டி, பக்கம் மாற்றி, ஓரத்தைச் சுரண்டிப் பசை தடவி, அழுத்தி ஒட்டினோம். மூன்று நாள் நானும் ராவும் கிட்டங்கியை விட்டு வெளியே வரவில்லை. பக்கம் மாறிய துண்டு வரும்போது படம் லேசாகக் கலங்கும். அந்த இடத்தில் இயந்திரத்தின் முன்கண்ணாடியை ஒரு மயிரிழை தள்ளிக் கொடுக்க வேண்டும். ராவ் ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் தள்ளப் பழகிக்கொண்டார்.

நாலாம் நாள் மறுபடி போட்டோம். பட்டர் வலது கையால் திருநீறு இட்டார். மனைவி வலது கையால் பரிமாறினாள். பண்ணையார் பூணூலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்து, முடிந்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆசிரியர் ஐயா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"ஆறு," என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. குறுக்குத்துறைக் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் வலக்கைப் பக்கமிருந்து வந்து இடக்கைப் பக்கம் ஓடும். பொதிகையில் பிறந்து கிழக்கே கடலுக்குப் போகிற ஆறு. ஆட்களுக்கு வலம் இடம் மாற்றிய நான் ஆற்றுக்கு மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. இப்போது பட்டர் சரியாகிவிட்டார், தாமிரபரணி மேற்கே ஓடியது. அந்தக் காட்சியை மட்டும் பழையபடி திருப்பினால் ஆறு சரியாகும், பூணூல் மாறிவிடும். இரண்டும் ஒரே காட்சியில் இருந்தன. வெட்டி எறியவும் வழியில்லை, பட்டர் குளிக்கப் போகாவிட்டால் கதையே இல்லை.

"என்ன செய்ய ஐயா?"

அவர் யோசித்தார். "சந்நிதியில ஆசாரத்துக்குத்தான வாக்குக் கொடுத்திருக்கு. ஆத்துக்குக் கொடுக்கலியே," என்றார். "ஆனா பாக்க வாரவன் பூராவும் அதுல குளிச்சிட்டு வாரவன். பைய இரும், பாப்பம்."

தேரோட்டத்தன்று சாயங்காலம் டெண்டில் மூச்சுவிட இடமில்லை. முன்னால் மணலில் அம்பாசமுத்திரத்துப் பக்கத்து விவசாயிகள், பெண்கள். நடுவே பெஞ்சில் பெரியவர்கள், சாஸ்திரிகள் தூண்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் பண்ணையார், அந்தப் பக்கம் ஆசிரியர் ஐயா. நான் ராவுக்குப் பின்னால் டெண்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூணூலைச் சாஸ்திரிகள் பார்த்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை. பட்டர் குறுக்குத்துறைப் படியில் இறங்கினார்.

முன் வரிசையில் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான்.

"ஏலே, ஆறு மேக்க பாயுதுலே."

டெண்ட் முழுக்க ஒரு சலசலப்பு. ஆமா, ஆமா, கோவில் அங்கன இருக்கு, தண்ணி இங்கன போவுது என்று நாலு பக்கமும் பேச்சு. பண்ணையார் அப்போதுதான் அதைக் கவனித்து என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ராவ் ஒன்றும் புரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அப்போது மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை கணீரென்று சொன்னாள்.

"பட்டரு எறங்குதாருல்லா. ஆறு திரும்பாம என்ன செய்யும்?"

சொல்லிவிட்டு அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் கும்பிட்டார்கள். எழுந்து நின்றவனும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். நெல்லையப்பா, நெல்லையப்பா என்ற குரல் டெண்டை நிறைத்தது. சாஸ்திரிகள் ஆசிரியர் ஐயாவின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"ஆறு திரும்பினதா நான் எங்கேயும் படிச்சதில்லையே."

ஆசிரியர் ஐயா பொய் சொல்லாதவர். "நானும் படிச்சதில்ல. இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார்.

சாஸ்திரிகள் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். பிறகு அவரும் கை குவித்தார். பண்ணையார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா, கண்ணீரா என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அதே நிலைமைதான். மழைக் காட்சி வந்தபோது ஊரே அழுதது. படத்தை நிறுத்தவும் இல்லை, டெண்டைப் பிரிக்கவும் இல்லை. மறுநாள் இரண்டு தடவை போட்டோம்.

அதன் பிறகு பல படங்கள் எடுத்தேன். எந்தப் படத்திலும் எந்த நடிகரையும் கையை மாற்றச் சொல்லவில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பி, இப்போது தினமும் குறுக்குத்துறையில் குளிக்கிறேன். சென்ற ஆனியில், தேர் பார்க்க வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்கு, படியில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நெல் காயப்போட்டது, பட்டர் இந்தத் துறையில் இறங்கியது, இறங்கிய உடனே ஆறு அவருக்காக மேற்கே திரும்பிப் பாய்ந்தது, பிறகு மழை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணாச்சி, ஆறு திரும்புனதாப் புராணத்துல இல்லியே," என்றேன்.

அவர் வேட்டியை உதறி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புராணத்துல இருக்கோ இல்லியோ, நான் இந்த ரெண்டு கண்ணால பாத்தவன்வே. நீரு எந்த ஊரு?"

வெளியூர்தான் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் முழுகினேன்.